ஒரு கனவான் இயற்றியது

வெஸ்ட்லி, ஒஸ்லோ
17 ஓகஸ்ட் 2025

அன்புள்ள அக்கா,

அம்மாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீ சுகமா? இந்த ஒரு கேள்வியைக் கேட்க எனக்கு ஒன்பது கிழமை பிடித்தது. உன் பாதுகாப்புக்குப் பொறுப்பான அலுவலர் நோரா கடைசியில் ஒரு தபால்பெட்டி எண் தந்தார். நான் அங்கே போடுவேன், அவர்கள் உனக்கு அனுப்புவார்கள், பத்து நாள் வரை ஆகுமாம். நீ எந்த ஊரில் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியக் கூடாதாம். போனும் கூடாதாம். எங்கள் வீட்டுப் போன்கள் எல்லாம் அத்தான் தன் போன் கடையில் தன் பெயரில் எடுத்துத் தந்தவை. 2025இல் அக்காவும் தம்பியும் முத்திரை ஒட்டிக் கதைக்கிறோம். எனக்கு விசர்தான் வருகிறது.

அத்தான் ஒவ்வொரு ஞாயிறும் உங்கள் ஸ்ட்ரோம்மன் வீட்டில் இருந்து வருகிறார். சத்தம் போடுவதில்லை. சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு, அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து தேத்தண்ணீர் குடிப்பார். "அவள் சுகமாய் இருந்தால் எனக்குக் காணும் தம்பி. எங்கை இருக்கிறாள் எண்டு மட்டும் சொல்லும்" என்பார். தெரியாது என்பேன். தலையாட்டிவிட்டுப் போவார். கோயிலில் எல்லாரும் அவரை ஜென்டில்மன் என்கிறார்கள். உன்னை என்னவோ சொல்கிறார்கள்.

அக்கா, எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. நான் லிப்ட் திருத்துகிறவன். லிப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றால் ஏன் நின்றது என்று தெரியாமல் கதவைத் திறக்க மாட்டேன். நீ ஏன் போனாய்? அவர் உனக்குக் கை நீட்டினவரா? ஓம், அல்லது இல்லை. ஒரு சொல் போதும்.

அம்மா சாப்பிடுவது குறைவு. உடனே எழுது.

நிதுசன்

2 செப்டெம்பர்

அன்புத் தம்பிக்கு,

நான் இருக்கிறேன், சுகமாகவே இருக்கிறேன். அம்மாவின் முழங்கால் எப்படி? மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடு, முதல் கொடுக்காதே.

எனக்கு ஒரு சின்ன வீடு தந்திருக்கிறார்கள். கதவில் இரண்டு பூட்டு. அதோடு ஒரு பொத்தான் போன், பொலிஸுக்கு மட்டும் எடுக்க. நூலகத்தில் ஒரு அறிவித்தல் கண்டேன்: ஸ்கொட்லாந்து நடனக் குழுவுக்கு வயலின்காரர் தேவை. போனேன். பியானோ வாசிப்பவர் யூலியா என்று எழுபது வயது மனிசி. தன் பேத்தியின் வயலினைத் தந்து "வாசியும் பாப்பம்" என்பதுபோலப் பார்த்தார். வாசித்தேன். எடுத்துவிட்டார்கள். செவ்வாய்தோறும் முதியவர்கள் இருபது பேர் ஆடுகிறார்கள், நான் வாசிக்கிறேன். என் பெயரை ஒருவரும் கேட்கவில்லை.

என் நீலப் புத்தகம் ஞாபகம் இருக்கிறதா? இருநூறு வருடத்துக்கு முந்திய ஸ்கொட்லாந்துப் பிரபு ஒருவரின் நடன மெட்டுகள். கோட்டை கட்டிய, படை நடத்திய மனிதர், மிச்ச நேரத்தில் வயலினுக்கு மெட்டுப் போட்டிருக்கிறார். ஆனால் முகப்பில் அவர் பெயர் இருக்காது. "ஒரு கனவான் இயற்றியது" என்று மட்டும் அச்சடித்திருக்கும். பிரபுக்கள் பெயர் போட்டுப் பாட்டு விற்பது மரியாதை இல்லை என்று நினைத்தார்களாக்கும். அதில் உள்ள ஸ்ட்ராத்ஸ்பே என்ற மெதுவான நடை எனக்கு உயிர். முதலில் ஒரு குட்டிச் சுரம் வெட்டி விழும், பிறகு நீளமான சுரம் அதைத் தூக்கிப் பிடிக்கும். சின்னிவிரலை விட்டுவிட்டு மூன்று விரலால் வாசிக்கப் பழகிவிட்டேன்.

அம்மாவின் அலுமாரியில் ஒரு பிரதி கிடக்கலாம். இருந்தால் அனுப்பு. இல்லாவிட்டால் விடு. ஸ்ட்ரோம்மன் வீட்டில் கேட்காதே.

அன்புடன்
ராகவி

வெஸ்ட்லி
14 செப்டெம்பர்

அன்புள்ள அக்கா,

அம்மாவின் முழங்கால் முந்தியதைவிடப் பரவாயில்லை. உனக்குச் சளி ஒன்றும் இல்லையே? குளிர் தொடங்கிவிட்டது.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய், செத்துப்போன பிரபுவைப் பற்றி. நான் கேட்டது ஒரு சொல்.

அலுமாரியில் புத்தகம் இல்லை. அதனால் அத்தானிடம் கேட்டேன். கோபிக்காதே. சாமான் ஸ்ட்ரோம்மனில் இருக்கிறது, உனக்கு வேண்டும், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அவர் முகம் மலர்ந்துவிட்டது. "வயலினையும் சேத்துக் குடுக்கிறன் தம்பி. அவள் வாசிக்கட்டும். இரண்டு கிழமை பொறும்" என்றார்.

ஒன்று சொல்கிறேன். போன வருடம் உன் சின்னிவிரல் கார்க்கதவில் அகப்பட்டபோது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடியது அவர். ஆறு மணித்தியாலம் அங்கே மர வாங்கில் இருந்தது அவர். நான் பார்த்தேன். நீ சொல்லாததை நான் எப்படி அறிவது?

நீ சொன்ன வெட்டு நடையை இணையத்தில் கேட்டேன். எங்கள் பழைய லிப்டுகளில் கதவு பூட்டும்போது ரிலே என்ற மின்சுவிட்ச் இப்படித்தான் "டக்-டாஆ" என்னும். பிடித்திருந்தது.

நிதுசன்

வெஸ்ட்லி
5 ஒக்டோபர்

அன்புள்ள அக்கா,

எல்லாரும் சுகம். நீ எழுதவில்லை. கோபம் என்று விளங்குகிறது. பரவாயில்லை, வயலினும் புத்தகமும் கிடைத்துவிட்டன, நாளை நோராவின் அலுவலகத்தில் கொடுக்கிறேன்.

உனக்குப் பயம் இருக்கும் என்பதால் நானே எல்லாம் சோதித்தேன். வயலினின் வயிற்றுக்குள் கண்ணாடியும் ரோர்ச்சும் விட்டுப் பார்த்தேன், லிப்ட் குழிக்குள் பார்ப்பதுபோல. பெட்டியின் துணியைக் கிளப்பிப் பார்த்துத் திரும்ப ஒட்டினேன். ஒன்றும் இல்லை. "மின்கருவி எதுவும் இதில் இல்லை, நானே பரிசோதித்தேன்" என்று படிவத்தில் கையெழுத்தும் போட்டாயிற்று. இந்த நாட்டில் என் கையெழுத்தை நம்பித்தான் மக்கள் லிப்டில் ஏறுகிறார்கள்.

புத்தகம் தாள் தாளாகக் கிழிந்து போயிருந்தது. இப்போது எல்லாம் ஒட்டித் தைத்து, கெட்டி அட்டை போட்டிருக்கிறது. இனிப் பிரியாது.

போன ஞாயிறு லில்லெஸ்ட்ரோமில் ஒரு அவசர வேலை முடித்து, அப்படியே ஸ்ட்ரோம்மன் போய் எடுத்து வந்தேன். ரயிலில் முழுநேரமும் என் போன் தொல்லை கொடுத்தது, "உங்களோடு ஒரு தேடுகருவி வருகிறது" என்று. எங்கள் வேலையாட்கள் எல்லாரும் சாமான் பைக்குள் அந்தக் கருவியைப் போட்டு வைத்திருப்பார்கள், களவு போனால் பிடிக்க. ஒருவன் பை மற்றவன் பக்கத்தில் வந்தால் போன் முறைப்பாடு வைக்கும். வழக்கம்போல அணைத்துவிட்டேன்.

கிடைத்ததும் எழுது. நன்றாகச் சாப்பிடு.

நிதுசன்

21 ஒக்டோபர்

என் அன்புத் தம்பி,

நான் சுகம். இன்று உண்மையிலேயே சுகம். அம்மாவிடமும் சொல்.

வயலின் வந்தது. புத்தகமும் வந்தது. நீ ஸ்ட்ரோம்மனுக்குப் போனது எனக்குக் கோபம்தான், ஏச நினைத்துத்தான் இருந்தேன். ஆனால் அந்த அட்டையைக் கண்டதும் என்னால் முடியவில்லை. ஒவ்வொரு கிழிசலையும் பொருத்தி ஒட்டி, அழகாகத் தைத்து, நீலத் துணி போர்த்தியிருக்கிறாய். எனக்குத் தெரிந்து நீ பொறுமையாகச் செய்த முதல் வேலை இது. சின்ன வயதில் பட்டம் ஒட்டப் பொறுமை இல்லாமல் நூலோடு எறிந்தவன் நீ. இரவில் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கிறேன்.

நவம்பர் 22, சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு எங்கள் ஆண்டு நடனம், பள்ளிக்கூட மண்டபத்தில். பக்கத்து ஊர்களில் இருந்தும் வருவார்கள். கனவானின் ஸ்ட்ராத்ஸ்பேயை நான்தான் தொடங்க வேண்டும். ஒரு நடனத்துக்கு மெட்டை எட்டுத் தரம் வாசிப்போம். நான்கு சோடி வரிசையில் நிற்கும், ஒவ்வொரு சோடியும் இரண்டு தரம் முன்னுக்கு வரும். எட்டு முடிந்ததும் எல்லாரும் குனிந்து வணங்குவார்கள். ஒரு தரத்துக்கு ஒரு நிமிடத்துக்கு மேல். எட்டாம் தரம் என் கை உளையும்.

கதவுக்கு முண்டு கொடுத்து வைத்திருந்த கதிரையை நேற்று எடுத்துவிட்டேன். சாப்பாட்டு மேசைக்கு ஒரு கதிரை குறைந்திருந்தது.

அன்பு முத்தங்களுடன்
ராகவி

வெஸ்ட்லி
2 நவம்பர்

அன்புள்ள அக்கா,

நாங்கள் சுகம். நீ கவனமாக இரு. கதிரையைத் திரும்பக் கதவடியில் வை. ஏன் என்று கேட்காதே, எனக்கே ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை.

மூன்று ஞாயிறாக அத்தான் உன்னைப் பற்றிக் கேட்கவில்லை.

வருகிறார், சப்பாத்தை ஒழுங்காக வைக்கிறார், தேத்தண்ணீர் குடிக்கிறார். அம்மாவோடு புட்டு எப்படி அவிப்பது என்று பகிடியாகக் கதைக்கிறார். "அவளைப் பற்றி ஏதும்..." என்று அம்மாதான் தொடங்கினார். "அதை விடுங்கோ மாமி. காலம் வரேக்கை எல்லாம் சரிவரும்" என்றார். அம்மாவுக்குச் சந்தோசம், மருமகனுக்கு மனம் ஆறிவிட்டதாம். பதினாறு ஞாயிறு கேட்டவர் ஏன் நிறுத்துகிறார்? இரைகிற மோட்டரை விட, சட்டென்று இரைச்சல் நின்ற மோட்டருக்குத்தான் நான் பயப்படுவேன்.

இன்றைக்குப் போகும்போது காரைப் பார்த்தேன். ஆணி வைத்த குளிர்கால ரயர் போட்டிருக்கிறார், புதுசு. வீட்டில் இருந்து கடைக்கு எட்டு நிமிடம். ஒஸ்லோவுக்குள் ஓட யாருக்கும் ஆணி ரயர் வேண்டாம், மலைப்பாதைக்குத்தான் வேண்டும். "எங்கை அத்தான் பயணம்?" என்று கேட்டேன். "நீர் ஒருத்தன் எல்லாத்தையும் கவனிக்கிறீர் தம்பி" என்று தோளில் தட்டினார்.

அந்தப் புத்தகம் எப்படி இருக்கிறது? அட்டை சரியா? ஏதும் வித்தியாசமாகத் தெரிந்தால் எழுது.

நிதுசன்

12 நவம்பர்

அன்புத் தம்பி,

உன் கடிதம் கையில் கிடைத்தபோது சுகமாக இருந்தேன். வாசித்த பிறகு இரண்டு நாள் வெளியே போகவில்லை. நோராவிடம் சொன்னேன். வயலின் பெட்டியைத் திரும்பச் சோதித்தார்கள், ஒன்றும் இல்லை. கதிரையைக் கதவடியில் வைத்துவிட்டேன்.

புத்தகத்தைப் பற்றிக் கேட்டாய். குறை சொல்வதென்றால் ஒன்று இருக்கிறது. நோட்டுத் தாங்கியில் விரித்து வைத்தால் நிற்காது, மூடிக்கொள்ளும். பின்னட்டை முன்னட்டையைவிடப் பாரம். யூலியா உடுப்புக் கவ்வியால் கவ்வி வைக்கிறார். "யார் கட்டினது இதை?" என்று கேட்டார். என் தம்பி, லிப்ட் திருத்துகிறவன், பின்னட்டைக்கு லிப்ட் கதவு ஒன்றை வைத்துவிட்டான் என்றேன். நெடுநாளைக்குப் பிறகு சிரித்தேன்.

22ஆம் திகதி போகாமல் விடலாமா என்று யோசித்தேன். போகிறேன். இந்த ஒன்றையும் விட்டால் என்னிடம் பூட்டு மட்டும்தான் மிஞ்சும்.

அம்மாவைக் குளிரில் வெளியே விடாதே.

ராகவி

ஒஸ்லோ, பொலிஸ் நிலையத்தில்
22 நவம்பர், சனி, பின்னேரம் 2.20

அக்கா,

இந்தக் கடிதம் உன்னிடம் வரப் பத்து நாள் ஆகும். அது எனக்குத் தெரியும். ஆனாலும் சும்மா இருக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அட்டையை நான் போடவில்லை. அத்தான் என்று நான் கூப்பிட்ட அவன் போட்டது. "நான் செய்தது எண்டு சொல்லாதையும் தம்பி, அவள் எறிஞ்சு போடுவாள்" என்றான். பாவம், மனைவிக்காக இரண்டு கிழமை இருந்து ஒட்டியிருக்கிறான் என்று நினைத்தேன். அதனால் "அட்டை போட்டிருக்கிறது" என்று எழுதினேன். யார் போட்டது என்று எழுதவில்லை. நீ எனக்கு நன்றி சொன்னாய். அதையும் வாங்கி வைத்துக்கொண்டேன். உன் தம்பி பொறுமையானவன் என்று ஒருதரமாவது நீ நினைத்தது எனக்குப் பிடித்திருந்தது.

உன் கடிதத்தை இன்று காலைதான் தபால்பெட்டியில் இருந்து எடுத்தேன். பின்னட்டை பாரம் என்று எழுதியிருந்தாய். ஒரு அட்டைக்குள் ஏன் பாரம்? அப்போதுதான் ரயிலில் போன் கத்தியது நினைவுக்கு வந்தது. மற்றவர்களின் பை பக்கத்தில் இருந்தால்தான் என் போன் கத்தும். அன்று ஞாயிற்றுக்கிழமை. நான் தனியாக வேலைக்குப் போனேன். என்னோடு ஒருவனின் பையும் இல்லை.

வங்கி அட்டை அளவில் தட்டையான தேடுகருவி விற்கிறார்கள். அவன் கடையிலும் இருக்கிறது. அதற்கு வேறொன்றும் வேண்டாம், பக்கத்தில் போகிற யாருடைய போனாவது போதும், இருக்கிற இடத்தை அவனுக்குச் சொல்லிவிடும். உன் பக்கத்து வீட்டுக்காரர், கீழ் வீட்டுக்காரர், எல்லாரும் தெரியாமலே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். உன்னுடையது பொத்தான் போன், அது உன்னை எச்சரிக்காது. நீ அதைத் தலைமாட்டில் வைத்துப் படுத்திருக்கிறாய்.

ஸ்ட்ரோம்மனுக்கு ஓடினேன். கடையில் நிலூஜா என்ற பிள்ளை நின்றது. "அவர் லீவு. நேற்றே வெளிக்கிட்டிட்டார். வைஃப் வயலின் வாசிக்கிறாவாம், பாக்கப் போறன் எண்டு நல்ல சந்தோசமாய்ச் சொன்னவர்" என்றது.

எப்படித் தெரியும்? மேசையில் நான் திறந்து போட்டிருந்த உன் கடிதங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தேத்தண்ணீரோடு வாசித்திருக்கிறான்.

இங்கே எல்லாம் சொல்லிவிட்டேன், படிவத்தில் போட்ட கையெழுத்தையும். நடனம், பள்ளி மண்டபம், மூன்று மணி என்று சொன்னேன். உன் ஊரை நான் அறியேன், அவர்கள் அறிவார்கள். ஒரு பெண் அதிகாரி போனோடு உள்ளே ஓடினார், இன்னும் வரவில்லை. சுவரில் மணிக்கூடு இருக்கிறது. 2.41. நீ இப்போது வயலினுக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருப்பாய்.

நிதுசன்

வெஸ்ட்லி
30 நவம்பர்

அக்கா,

சுகமா என்று கேட்கப் பயமாக இருக்கிறது.

எட்டு நாள். பொலிஸில் உன்னைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாதாம், சட்டமாம். உயிரோடு இருக்கிறாளா என்று மட்டும் கேட்டேன். "கடிதம் எழுதுங்கள், சேர்க்க முடிந்தால் சேர்ப்போம்" என்றார்கள். முடிந்தால் என்றால் என்ன பொருள் என்று கேட்டேன். தபால்பெட்டி எண்ணைத் திரும்ப எழுதித் தந்தார்கள். அவன் கடைக்கும் வரவில்லை, வீட்டில் விளக்கும் இல்லை. அம்மாவுக்கு எல்லாம் சொல்லிவிட்டேன். இன்று ஞாயிறு. அழைப்புமணி அடித்தது, மேல்மாடிப் பிள்ளைகள்தான். அம்மா குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

லிப்டில் ரிலே "டக்-டாஆ" என்னும்போதெல்லாம் கையை எடுத்துவிடுகிறேன். வேலைத் தலைவன் லீவு எடு என்கிறான்.

ஒரு வரி எழுது. ஏசியாவது எழுது.

நிதுசன்

14 டிசம்பர்

அன்புத் தம்பி,

உயிரோடு இருக்கிறேன். கை கால் சரி. உன் இரண்டு கடிதமும் ஒன்றாகத்தான் வந்தன. அம்மாவுக்கு முதலில் இதை வாசித்துக் காட்டு, மிச்சத்தைப் பிறகு நீ தனியாக வாசி.

அன்றைக்கு நான்காம் நடனம் எங்கள் ஸ்ட்ராத்ஸ்பே. மூன்றாம் தரம் வாசிக்கும்போது உன் அத்தான் உள்ளே வந்தார். வாசலில் சப்பாத்துப் பனியைத் தட்டிவிட்டு, கதவுக்குப் பக்கத்துக் கதிரையில், கோட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். தாளம் பிழைக்காமல் முழங்காலில் விரலால் தட்டினார். வெளியே போக அந்த ஒரு கதவுதான். பொலிஸ் போன் என் கோட்டுப் பைக்குள், கோட்டும் அதே கதவடியில் தொங்கியது.

எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. எட்டு முடிந்தால் எல்லாரும் வணங்குவார்கள், பிறகு தேத்தண்ணீர், மண்டபம் கலைந்துவிடும். வாசித்துக்கொண்டிருக்கும்வரை எனக்கும் அவருக்கும் நடுவில் நாற்பது பேர். எட்டாம் தரம் முடியும்போது யூலியா தலையைத் தூக்கினார். நான் வில்லைத் தந்தியில் இருந்து எடுக்கவில்லை. திரும்பத் தொடங்கினேன். யூலியா என் முகத்தைப் பார்த்தார், பிறகு கதவடியைப் பார்த்தார், பிறகு பியானோவில் கையை வைத்தார்.

ஆடுகிறவர்கள் முதலில் சிரித்தார்கள். பதின்மூன்றாம் தரம் சிலர் இருந்துவிட்டார்கள். பதினேழில் கவ்வி கழன்று புத்தகம் மூடிக்கொண்டது. நான் பார்க்காமலே வாசித்தேன், அந்த மெட்டு எனக்கு இனி ஒருநாளும் மறக்காது. இருபதுக்குப் பிறகு என் இடது கை என்னுடையதாக இருக்கவில்லை. ஆன்ட்ரியாஸ் என்ற கிழவர், இதய வருத்தக்காரர், தன் மனைவியைப் பிடித்துக்கொண்டு நிற்காமல் ஆடினார். ஏன் என்று அவருக்குத் தெரியாது. யூலியா ஏதோ கண் காட்டியிருக்க வேண்டும். கடைசியில் மூன்று சோடிதான். உன் அத்தான் பொறுமையாக இருந்தார். அவருக்குப் பொறுமை இருக்கிறது, தம்பி, அந்தப் புத்தகத்தை ஒட்டிய பொறுமை. கிழித்ததும் அப்படித்தான், ஒவ்வொரு தாளாக, என்னை முன்னால் இருத்தி.

இருபத்தாறாம் தரம் பொலிஸ் வந்தது. நீ சொல்லித்தான் வந்தார்கள், பனியில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓடி. அவர் எழும்பிக் கோட்டைப் போட்டார். போகும்போது யூலியாவுக்கு நன்றி சொன்னார், நல்ல இசை என்று. காரில் என்ன இருந்தது என்று எனக்குச் சொன்னார்கள். உனக்கு எழுத மாட்டேன்.

அவரை இப்போது உள்ளே வைத்திருக்கிறார்கள். எவ்வளவு நாளைக்கு என்று யாருக்கும் தெரியாது. நான் வேறு ஊர். இது புதுத் தபால்பெட்டி. கடிதத்தில் இனி என் பெயரை எழுதாதே, அது இப்போது என் பெயர் இல்லை. வாசித்த கடிதத்தை மேசையில் வைக்காதே, எரி. புத்தகத்தைப் பொலிஸ் கொண்டுபோய்விட்டது.

நீ அட்டை போட்டவனின் பெயரை எழுதாமல் விட்டாய். உன்னை ஏச எனக்கு வாய் வரவில்லை. நீ இரண்டு தரம் கேட்டும் நானும் ஒன்றை எழுதாமல் விட்டேன். எழுதியிருந்தால் நீ ஸ்ட்ரோம்மனுக்குப் போயிருக்க மாட்டாய்.

கார்க்கதவு தானாகச் சாத்திக்கொள்ளவில்லை. என் கையை அங்கே பிடித்து வைத்துவிட்டுச் சாத்தினார். பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடியதும் அவர்தான், ஆறு மணித்தியாலம் வாங்கில் இருந்ததும் அவர்தான். நீ பார்த்தது சரி.

ஓகஸ்டில் நீ ஒரு சொல் கேட்டாய்.

ஓம்.

அக்கா